கொசத்தலை, ஆரணி ஆறுகளின் பெருவெள்ள வருகைக் கணிப்பில் வரலாற்றுச் சான்றுகளின் இடம்

முன்னுரை

ஓர் ஆற்றில் பெருவெள்ளம் எத்தனை ஆண்டுகட்கு ஒருமுறை வரும் என்னும் வினா பொறியாளர்க்கே உரியது என்று கருதுவார் பலர். அணைக்கும் பாலத்துக்கும் அளவு வகுப்போர் அவரே ஆதலின் அக்கருத்து எழுந்தது. ஆயினும் அவ்வினாவினுள் மற்றொரு வினா அடங்கிக் கிடக்கின்றது. இதற்கு முன் அவ்வாற்றில் எத்தனை முறை பெருவெள்ளம் வந்தது என்பதே அது. முன்னது கணக்கியலார் வினா. பின்னது வரலாற்றாசிரியர் வினா. பின்னதற்கு விடை காணாது முன்னதற்கு விடை கூறுதல் அரிது. திருவள்ளூர் மாவட்டத்துக் கொசத்தலையாறு, ஆரணியாறு என்னும் இரண்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, பெருவெள்ள வருகையைக் கணிக்கும் முறை வளர்ந்த வரலாற்றையும், அம்முறைக்குத் தமிழ்ச் சான்றுகள் எவ்வளவு துணை செய்யும், எவ்விடத்துத் துணை செய்யா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு உடனடித் தேவையும் உண்டு. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் அலைக்கழித்த மழை 'நூறாண்டு காணாத மழை' எனப் பெயர் பெற்றது. அச்சொல்லைக் கேட்ட மக்கள், இனி நம் வாழ்நாளில் இத்தகையதொன்று வாராது என்று ஆறுதல் கொண்டனர். 2021 நவம்பரில் மீண்டும் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்சாங் புயலின் மழையால் கொசத்தலையாற்றின் கழிமுகமாகிய எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரந்து மீனவர் வாழ்வைக் கெடுத்தது. 'நூறாண்டு' என்னும் சொல்லைப் பொருளறியாது வழங்கியதனால் விளைந்த ஏமாற்றம் இது. சொற்பொருள் ஆராய்தல் தமிழ்த்துறையின் கடமை ஆதலின், இதனை நாம் புறக்கணித்தல் தகாது.

ஆறுகளும் அவற்றின் இயல்பும்

கொசத்தலையாறு காவேரிப்பாக்கம் ஏரியின் மிகைநீரோடு தொடர்புடையது. கேசாவரம் அணைக்கட்டில் நீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு கூறு கூவமாகவும் மற்றொரு கூறு கொசத்தலையாகவும் செல்கின்றது. ஆந்திர நாட்டினின்று வரும் நகரியாறு பூண்டி நீர்த்தேக்கத்திற்கு மேற்பகுதியில் இதனோடு கலக்கின்றது. பூண்டியைக் கடந்து, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, எண்ணூரில் இவ்வாறு கடலை அடைகின்றது. ஆரணியாறு சித்தூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியில் சேர்கின்றது. கும்மிடிப்பூண்டி வட்டமும் அதன் தொழிற்பேட்டையும் பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே, தாழ்ந்த சமநிலத்தில் அமைந்தவை.

இவ்விரண்டும் ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறுகள் அல்ல. வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஆடிப்பெருக்கு காவிரிக்கு உண்டு, இவற்றிற்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் ஒரு புயலோ தாழ்வுமண்டலமோ கரையை நெருங்கின், பல மாதம் மணலாய்க் கிடந்த படுகை ஓரிரு நாளில் கரை புரளும். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் பெருகும் ஆற்றினும், பல்லாண்டு வறண்டு திடீரெனப் பெருகும் ஆற்றில் வெள்ள வருகையைக் கணித்தல் மிகக் கடினம். சில ஆண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கூறின் பிழை பெரிதாகும்.

கழிமுகத்தின் தன்மையும் கருதற்குரியது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் முகத்துவாரம் மணலால் தூர்ந்திருப்பின், நடுத்தர அளவான வெள்ளமும் பின்னேறி ஊர்களில் நிற்கும். ஆகவே ஓர் ஊரில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பது ஆற்றில் எவ்வளவு நீர் வந்தது என்பதற்கு நேர்ச்சான்று ஆகாது. இவ்வேறுபாட்டைப் பின்னரும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கணிப்பு முறையின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணப் பொறியாளர் எதிர்நோக்கிய சிக்கல், ஓர் ஏரியின் கலிங்கு எவ்வளவு நீரை வெளிவிட வேண்டும் என்பதாகும். ஆயிரக்கணக்கான ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் 1883இல் தொடங்கப்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டில், 1884இல், ரைவ்ஸ் என்னும் பொறியாளர் ஒரு வாய்பாட்டை வகுத்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு படியை ஒரு மாறிலியால் பெருக்கின் பெருவெள்ள அளவு கிடைக்கும் என்பது அதன் சுருக்கம். கீழைக்கடற்கரையினின்று 80 கிலோமீட்டருக்குட்பட்ட பகுதிக்கு 6.8 என்றும், 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5 என்றும், மலையடுத்த சிறு பகுதிகட்கு 10.2 என்றும் அம்மாறிலி கொள்ளப்படும். இதற்கு முன் 1865இல் வடநாட்டு ஆறுகட்கு டிக்கன்ஸ் என்பார் வகுத்த வாய்பாடும் இவ்வகையினதே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 1,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பின் மூன்றில் இரண்டு படி 100 ஆகும். கடற்கரை மாறிலியால் பெருக்க, நொடிக்கு 680 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 24,000 கனஅடி என வரும். மலையடுத்த மாறிலியைக் கொள்ளின் 1,020 கனமீட்டர் ஆகும். எளிமையும் விரைவும் இவ்வாய்பாட்டின் சிறப்பு. ஆனால் இதில் காலம் என்னும் கூறு அறவே இல்லை. இவ்வெள்ளம் இருபதாண்டில் வருமோ இருநூறாண்டில் வருமோ என்று வினவின், வாய்பாடு வாய் திறவாது. அதன் மாறிலியோ, அதுகாறும் பொறியாளர் கண்ட வெள்ளங்களினின்று பெறப்பட்டது. அவர்கள் காணாத வெள்ளம் அதனுள் இல்லை.

காலத்தைக் கணக்கினுட் கொணர்ந்த மாற்றம் அமெரிக்க நாட்டில் 1914ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஃபுல்லர் என்பாரும் ஹேசன் என்பாரும் அவ்வாண்டில் வெளியிட்ட கட்டுரைகளில், ஆண்டுதோறும் வந்த மிகப்பெரு வெள்ளத்தை வரிசைப்படுத்தி, அதன் அளவையும் அது மீளவரும் இடைவெளியையும் இணைத்துக் காட்டினர். ஜெர்மனியிற் பிறந்து, நாட்சிகளை எதிர்த்ததனால் நாட்டை விட்டு நீங்கிய கணக்கியலறிஞர் கும்பெல் 1941இல் வெள்ளங்களின் மீள்வருகைக் காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1958இல் வெளியிட்ட உச்ச அளவைகளின் புள்ளியியல் நூலும் இத்துறைக்கு அடித்தளம் ஆயின. 1967 முதல் அமெரிக்க அரசு நிறுவனங்கள் ஒரே முறையைக் கையாளுதற்குப் பொதுவிதி நூல்கள் வந்தன. இந்தியாவில் மத்திய நீர்வள ஆணையம் நாட்டை 26 நீரியல்-வானிலை உட்பகுதிகளாகப் பகுத்து, சிறு நீர்ப்பிடிப்புப் பரப்புகட்கு வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிட்டது.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் சொற்றொடர்

மீள்வருகைக் காலம் நூறு ஆண்டு என்றால், நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறை தவறாது வரும் என்பது பொருளன்று. ஒவ்வோர் ஆண்டிலும் அவ்வளவோ அதனினும் மிக்கதோ வருதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதனால் இவ்வாண்டின் வாய்ப்புக் குறைவதில்லை. முப்பது ஆண்டு நிலைத்திருக்கும் ஒரு தொழிற்சாலை, அக்காலத்துள் நூறாண்டு வெள்ளத்தை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. எழுபது ஆண்டு வாழும் ஒருவர் அதனைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழச் சரிபாதி. நூறு ஆண்டு முழுதும் நோக்கினும் அது நூற்றுக்கு 63 அளவே. வாராமற் போதற்கும் நூற்றுக்கு 37 வாய்ப்பு எஞ்சுகின்றது. ஆகவே 2015இல் வந்தது 2023இல் வரலாகாது என்னும் எண்ணம் கணக்கிற்கு ஒத்ததன்று. தமிழில் இக்கருத்தை 'ஆண்டுக்கு நூற்றில் ஒன்று வாய்ப்புடைய வெள்ளம்' என்று எழுதுதல் நன்று. சொல் நீண்டாலும் பொருள் கெடாது.

ஏட்டின் நீளம்

வரிசைப்படுத்தும் முறை எளிது. n ஆண்டுக் கணக்கில் முதலாவதாக நிற்கும் வெள்ளத்தின் மீள்வருகைக் காலம் n கூட்டல் ஒன்று. M ஆவதாக நிற்பதற்கு அதனை m ஆல் வகுத்தது. நாற்பது ஆண்டு அளவெடுத்த ஓர் ஆற்றில் மிகப்பெரிய வெள்ளத்துக்கு 41 ஆண்டு என்று விடை வரும். அதனினும் நீண்ட காலத்தைப் பற்றி அந்நாற்பதாண்டுக் கணக்கு தானே ஒன்றும் கூறாது. வளைகோட்டை நீட்டித்து ஊகித்தலே வழி.

ஏட்டின் நீளம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சென்னை மழைக்கணக்கு காட்டும். சென்னையில் வானாய்வு நிலையம் 1792இல் அமைந்தது. மழைக்கணக்கு 1813 முதல் கிடைக்கின்றது. 1918 நவம்பரில் 1,088 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015 நவம்பரில் 1,049 மில்லிமீட்டர் பெய்தது. 1919 முதல் 2014 முடிய உள்ள 96 ஆண்டுகளில் அத்துணைப் பெருமழை பெய்த நவம்பர் ஒன்றும் இல்லை. அந்த 96 ஆண்டுகளை மட்டும் கற்ற ஒருவர், ஒரு திங்களில் ஆயிரம் மில்லிமீட்டர் என்பது நடவாத செயல் என்று கூறியிருப்பார். ஓராண்டு முன்னரோ பின்னரோ ஏட்டைத் திறந்திருப்பின் அவர் கூற்று மாறியிருக்கும். மழைக்கே இவ்வாறாயின், அதனினும் குறுகிய காலமே அளவெடுக்கப்பெற்ற ஆற்று வெள்ளத்துக்கு என்ன கூறுவது!

அளவைக் கருவி தோன்றுதற்கு முற்பட்ட காலத்து வெள்ளங்களைக் கணக்கினுட் சேர்த்தற்கு இதனாலேயே நீரியலார் முயன்றனர். இங்கேதான் வரலாற்றுத்துறைக்கும் தமிழ்த்துறைக்கும் இடம் உண்டாகின்றது. இதன் பயனைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளக்குவோம். நாற்பது ஆண்டு அளவில் முதலிடம் பெற்ற ஒரு வெள்ளம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு முற்பட்ட 160 ஆண்டுகட்கும் நம்பத்தக்க சான்று கிடைத்து, அதனினும் பெரிய வெள்ளம் ஒன்றும் இல்லை என்று தெளியின், இருநூறாண்டில் அதுவே முதலாகி, மீள்வருகைக் காலம் 201 ஆகும். அதனினும் பெரியன இரண்டு இருந்தன எனின் அது மூன்றாவதாகி, 67 ஆகும். ஐந்து இருந்தன எனின் ஏறத்தாழ 33½ ஆகும். முப்பதாண்டில் அவ்வெள்ளம் ஒரு முறையேனும் வரும் வாய்ப்பு, 41 என்னும் முதற்கணக்கின்படி நூற்றுக்கு 52. வரலாற்றுச் சான்று கிடைத்தபின் முறையே 14, 36, 60. வரலாறு அச்சத்தைக் குறைக்கவும் கூடும், மிகுக்கவும் கூடும். எவ்வாறாயினும் அதனால் மாறும் அளவு சிறிதன்று என்பது தெளிவு.

தமிழ்ச் சான்றுகளின் வகையும் தரமும்

இலக்கியம் முதற்கண் நிற்பது. பரிபாடலில் வையை வெள்ளம் பாடப்பெறுகின்றது. திருவிளையாடற் புராணத்தில் வையை உடைப்பெடுக்க, வீட்டுக்கு ஓராள் கரையடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, இறைவன் பிட்டுக்கு மண் சுமந்த செய்தி வருகின்றது. மணிமேகலை புகாரைக் கடல் கொண்டமை கூறும். இவை வெள்ளத்தைத் தமிழர் எவ்வாறு கண்டனர், எதிர்கொண்டனர் என்பதற்குச் சிறந்த சான்றுகள். வீட்டுக்கோர் ஆள் என்னும் ஊரமைப்பு வழக்கம் அக்கதையினுள் பொதிந்து கிடக்கின்றது. ஆயினும் இவற்றினின்று ஆண்டும் அளவும் பெறுதல் இயலாது. பரிபாடல் பாடுவது பெரும்பாலும் மக்கள் மகிழ்ந்து ஆடும் புதுப்புனல். அது ஆண்டுதோறும் வருவது. புதுப்புனலையும் பெருவெள்ளத்தையும் ஒன்றாக எண்ணுவோர் கணக்கைக் கெடுப்பர். இலக்கிய வெள்ளம் ஒன்றையும் மீள்வருகைக் கணக்கினுட் சேர்த்தல் கூடாது என்பதே நம் கருத்து.

கல்வெட்டும் செப்பேடும் அடுத்தவை. சோளிங்கருக்கு அருகிலுள்ள மகேந்திரவாடியின் குடைவரைக் கல்வெட்டு மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த ஏரியைக் குறிக்கின்றது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரிவாரியம் என்னும் குழுவைக் கூறுவது யாவரும் அறிந்ததே. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டிற் கிடைத்த இராசேந்திரசோழனின் செப்பேடு, பழையனூரைக் கோயிலுக்கு அளித்தபோது பிடி நடத்தி எல்லை வகுத்தமையை விரிவாகக் கூறுவதோடு, கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்த மரபையும் போற்றுகின்றது. இக்கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி, தூம்பு, கலிங்கு, ஓடத்தால் தூர் எடுத்தல் முதலிய செய்திகள் நிறைந்துள்ளன.

ஆனால் ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். கல்வெட்டு எழுதினோர் தானத்தையும் உரிமையையும் பதிந்தனரேயன்றி வானிலையைப் பதிந்தாரல்லர். ஆண்டுதோறும் தூர் எடுக்க முதல் வைத்தனர் என்பது வழக்கமான வண்டல் வரவைக் காட்டும், பெருவெள்ளத்தைக் காட்டாது. கரை உடைந்ததனாலோ நிலம் மணலேறியதனாலோ உரிமை மாறிய இடத்தில்தான் வெள்ளம் கல்லில் ஏறும். கல்வெட்டில் வெள்ளச் செய்தி இல்லாமை வெள்ளம் இல்லாமைக்குச் சான்று ஆகாது. உடைந்த ஏரி பலமுறை எவ்வெழுத்துமின்றி அடைக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது வகை ஐரோப்பியர் குறிப்புகளும் ஆவணங்களும். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பி, 1690 வரை அதனையே சோழமண்டலக் கரைக்குத் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். ஆரணியாறு கலக்கும் ஏரிக்கரையில் எழுதப்பெற்ற ஆவணங்கள் அவர்களுடையவை ஆதலின், இவ்வாராய்ச்சிக்கு அவை சிறப்பாக உரியன. எனினும் வணிகர் கண் கப்பலின்மீது இருந்தது. 1746 அக்டோபரில் சென்னைத் துறையில் நின்ற பிரெஞ்சுத் தளபதி லா புர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்த புயல் வரலாற்று நூல்களில் எல்லாம் இடம் பெற்றது. போர் நடந்தமையே அதற்குக் காரணம். கப்பல் நில்லாத ஆண்டில் அத்தகைய புயல் வந்திருப்பின் ஒரு வரியோடு முடிந்திருக்கும். ஆகவே எழுதியோர் எதனை இழந்தனர் என்று வினவியே அவர் எழுத்தை மதிப்பிடல் வேண்டும்.

நான்காவது வகை வருவாய்க் கணக்கு. வெள்ளத்தால் விளைவு கெட்ட நிலத்துக்குத் தீர்வை தள்ளுபடி செய்த பதிவுகள், சமாபந்திக் கணக்குகள், ஏரி செப்பனிடும் திட்டத்தின் ஏரிக் குறிப்பேடுகள் ஆகியன இவ்வகையின. எம் கருத்தில் இவையே மிக்க பயனுடையவை. ஆண்டுதோறும் ஒரே முறையில் ஓரலுவலர் ஊர்தோறும் பதிந்தமையால், வெள்ளம் வந்த ஆண்டும் வாராத ஆண்டும் ஒருசேரத் தெரியவரும். பசலி ஆண்டு சூலை முதல் நாளில் தொடங்குவது. வடகிழக்குப் பருவமழை முழுதும் ஒரே பசலிக்குள் அடங்கும். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளமும் அதன் பின்விளைவும் 1425ஆம் பசலி ஒன்றிலேயே அமையும். ஆங்கில ஆண்டைக் கொள்ளின், டிசம்பரில் தொடங்கிச் சனவரியில் முடியும் ஒரே வெள்ளம் ஈராண்டுக் கணக்கில் ஏறும் பிழை நேரலாம். வருவாய்த்துறையார் வேறு காரணத்தால் கைக்கொண்ட ஆண்டு நீரியலுக்கு நன்கு பொருந்தி வருதல் நோக்கத்தக்கது.

ஐந்தாவது மண்ணே எழுதிய ஏடு. பூண்டிக்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புருசு பூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வு, அங்குள்ள கருவிகளின் தொன்மையைப் பதினைந்து இலட்சம் ஆண்டளவுக்குக் கொண்டுசென்றது. கருவிகள் கிடந்த மண்ணடுக்குகளிற் பல நீர் கொணர்ந்து படிவித்தவை. பழைய வெள்ளங்களை அளத்தற்கு அத்தகைய படிவுகளை ஆராயும் முறை இன்று உலகெங்கும் வழங்குகின்றது. கொசத்தலைக் கரைக்கும் அம்முறை உரியதே.

சான்று கொள்ளும் நெறிகள்

சான்றுகளைக் கணக்கினுட் சேர்க்குமுன் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, பெயர் தெளிதல். கொசத்தலை, கொற்றலை, குசத்தலை என ஓராறே பல பெயர் பெறுகின்றது. இவ்வாற்றைப் பாலாற்றின் பழம்போக்கு எனக் கருதிய நிலவியலாரும் உளர். மாறாக, ஒரு பெயரே பல இடத்தைக் குறித்தலும் உண்டு. ஆரணி என்னும் ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் மற்றொன்று. பின்னதன் வெள்ளத்தை ஆரணியாற்றின்மீது ஏற்றிக் கூறின் கணக்கு முழுதும் பிழைபடும். பூண்டி வேறு, கும்மிடிப்பூண்டி வேறு.

இரண்டாவது, காலம் தெளிதல். 2015 வெள்ளம் மன்மத ஆண்டில் வந்தது. 1955உம் 1895உம் மன்மதமே. 'மன்மத ஆண்டு ஐப்பசியில் ஆறு பெருகிற்று' என்னும் குறிப்பு மட்டும் கிடைப்பின், அது எந்த மன்மதம் என்று துணியப் பிறசான்று வேண்டும். துணிய இயலாததை விலக்குதலே முறை.

மூன்றாவது, ஆட்சி எல்லை அறிதல். திருவள்ளூர் 1997இல் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்குமுன் செங்கற்பட்டைச் சார்ந்தது. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; சித்தூர் மாவட்டம் 1911இல் தோன்றுமுன் அப்பகுதி வடார்க்காட்டைச் சார்ந்தது. ஓராற்றின் ஆவணம் பல அலுவலகங்களிலும் இரு மாநிலங்களிலும் இரு மொழிகளிலும் சிதறிக் கிடக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது, பதிவின் வரம்பு அறிதல். எவ்வளவு பெரிய வெள்ளமாயின் அக்காலத்தார் தவறாது பதிந்திருப்பர் என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். அவ்வரம்புக்கு மேற்பட்டவற்றில் மட்டுமே 'பதிவு இல்லை' என்பது 'வரவில்லை' என்று பொருள்படும். தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றது என்பது மழைக்காலத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருவது. அத்தரைப்பாலத்தின் உயரமே அங்குப் பதிவின் வரம்பு. பாலம் உயர்த்திக் கட்டப்பெற்றபின் செய்தி வாராதொழியும், வெள்ளம் வாராதொழிந்ததன்று.

மாறிய ஆறு

இத்துணை முயன்று சான்று திரட்டினும் ஒரு தடை எஞ்சும். பழைய வெள்ளமும் புதிய வெள்ளமும் ஒரே ஆற்றின் வெள்ளங்களா என்பதே அது. சத்தியமூர்த்தி சாகரம் எனப்படும் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் பயனுக்கு வந்தது. சென்னையின் குடிநீருக்காக அமைந்தது அது. வெள்ளத்தைத் தடுத்தற்கென அமைந்ததன்று. அதன் கொள்ளளவு முதலில் 257 கோடிக் கனஅடியாகவும், பின்னர் உயர்த்தப்பெற்று 323 கோடிக் கனஅடியாகவும் ஆயிற்று. 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டியை அடைந்தது. ஆண்டின் பிற்பகுதியில் தேக்கம் நிறைந்திருத்தல் குடிநீருக்கு நன்மை. அந்நிலையிற் பெருமழை பெய்யின், வந்த நீரை ஏற்க இடமின்றி வெளிவிடல் நேரும். 2020இல் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பெற்றது. ஏரிகள் தூர்ந்தமை, வயல்கள் மனையாகவும் ஆலையாகவும் மாறியமை, கழிமுகத்தில் சாம்பலும் கட்டடமும் பெருகியமை ஆகியன ஒருபுறம்; வெப்பம் மிகுதலால் வானிலை மாறுதல் மறுபுறம். இயற்கை பழைய எல்லைக்குள்ளேயே ஊசலாடும் என்னும் கொள்கை இறந்துபட்டது என்று நீரியலறிஞர் சிலர் 2008இல் எழுதினர்.

பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது, பாடல்பெற்ற தலமாகிய திருவெண்பாக்கம் நீர்ப்பரப்பினுட் பட்டது. கண்ணிழந்த சுந்தரர் ஊன்றுகோல் பெற்றதாகப் போற்றப்பெறும் அத்தலத்தின் கோயில் பூண்டிக்கு மாற்றிக் கட்டப்பெற்றது. ஊரும் கரையும் நீருள் மூழ்கியபின், அங்குப் பழைய வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்று சுட்டிக்காட்டும் படியும் சுவரும் இல்லாதொழிந்தன. வெள்ளத்தை அடக்கும் பணிகளே வெள்ளத்தின் சான்றுகளை அழித்தலும் உண்டு.

இதனால் வரலாற்றுச் சான்று பயனற்றது என்று கொள்ளலாமோ எனின், ஆகாது. 1944க்கு முற்பட்ட வெள்ளங்களையும் பிற்பட்டவற்றையும் ஒரே தொகுதியாக வரிசைப்படுத்தலாகாது என்பதே அதன் பொருள். முற்பட்டவற்றைக் கொண்டு மேல்நாட்டிலிருந்து எவ்வளவு நீர் வரக்கூடும் என்பதை அறியலாம். அந்நீர் இன்றைய தேக்கத்தையும் கால்வாயையும் கழிமுகத்தையும் கடக்கும்போது எந்நிலையை அடையும் என்பதைப் பொறியாளர் தனியே கணக்கிடுவர். 1985இல் வகுக்கப்பெற்ற இந்தியத் தரவிதி, ஆறு கோடிக் கனமீட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய அணைகட்கு நிகழக்கூடிய மீப்பெரு வெள்ளத்தையே அளவாகக் கொள்ளுமாறு பணிக்கின்றது. பூண்டியின் இன்றைய கொள்ளளவு ஒன்பது கோடிக் கனமீட்டரைக் கடந்தது. அணைக்கு இவ்வாறு எல்லைநிலை கொள்ளப்படினும், சாலை, குடியிருப்பு, தொழிற்பேட்டை ஆகியவற்றுக்கு மீள்வருகைக் கணக்கே இன்றும் வழிகாட்டி. அக்கணக்கு வழுவின், தாழ்நிலத்துக் குடிசையில் வாழும் தொழிலாளியும் கழிமுகத்து மீனவரும் முதலில் துன்புறுவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பெருவெள்ள வருகைக் கணிப்பு, அளவெடுத்த ஆண்டுகளின் தொகைக்கு ஏற்பவே உறுதி பெறும். அளவைக்கு முற்பட்ட காலத்துச் சான்று, நெறிப்படி கொள்ளப்படின், விடையைப் பெரிதும் திருத்த வல்லது. இலக்கியச் செய்தியைக் கணக்கிற்கு எடுத்தல் கூடாது. கல்வெட்டைச் சிறுபான்மை எடுக்கலாம். வருவாய்க் கணக்கையும் ஏரிக் குறிப்பேட்டையும் பெரும்பான்மையாக நம்பலாம். எவ்வகையாயினும் பெயரும் காலமும் எல்லையும் பதிவின் வரம்பும் தெளிந்த பின்னரே கொள்ளல் வேண்டும்.

தமிழின் தொன்மையைப் போற்றும் ஆர்வத்தால், நம் முன்னோர் வெள்ளத்தை முன்னரே கணித்தனர் என்று கூற முற்படுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அவர்கள் கணித்திலர், கரை காத்தனர், கலிங்கு வைத்தனர், தூர் எடுக்க முதல் வைத்தனர். அவற்றைப் பதிந்தும் வைத்தனர். அப்பதிவுகளைப் பிழையறப் படித்துத் தருதல் நம் பணி.

ஆகவே கொசத்தலை, ஆரணி ஆற்றுப்புறங்களில் உள்ள ஊர்களுக்கு ஒரு வெள்ள அட்டவணை தொகுத்தலை முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளல் நன்று. ஊர், பசலி ஆண்டு, சான்றின் வகை, நீர் எட்டிய இடம், சான்றின் உறுதி என்னும் ஐந்து பத்திகள் போதும். வெள்ளம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஆண்டுகளையும் விடாது எழுதுதல் வேண்டும். அவையின்றி மற்றவற்றால் பயனில்லை. 1943, 1976, 1985 முதலிய ஆண்டுகளில் வந்த வெள்ளங்களை நினைவிற் கொண்டுள்ள முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கோயிற்படியில் நீர் எதுவரை ஏறியது என்று அவர்கள் விரல் சுட்டிக் காட்டும் இடத்தை அளந்து எழுதுதற்கு இன்னும் காலம் உண்டு, அது நெடிதன்று.